நாக்கில் ஐம்பது காசு

சின்ன வயதில் ஒருமுறை ஐம்பது காசை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்து அம்மாவிடம் முதுகில் அறை வாங்கினேன். ஐம்பத்தாறு வயதில் அந்த ருசி திரும்பி வந்தது. வாயில் காசு எதுவும் இல்லை. காலையில் கண் விழித்தால் நாக்கு முழுக்க அதுதான். பல் துலக்கினாலும் போகவில்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாலும் போகவில்லை. காப்பி குடித்தால் காப்பியோடு சேர்ந்து உள்ளே இறங்கியது.

வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால், "வெயிலு அப்படிலா, தண்ணி நெறையக் குடி" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் இந்த ருசியைப் பற்றி எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர். "ருக்கு, டீ காசைச் சப்புற மாதிரி இருக்குலா" என்று அவர் ஒரு நாள் சொன்னபோது நான் அடுப்படியிலிருந்தே கத்தினேன்.

"முப்பது வருஷமா நல்லா இருந்த டீ, இன்னைக்கு மட்டும் காசாப் போச்சா? பிடிக்கலன்னா கடையில போய்க் குடிங்க!"

அவர் கடைக்குப் போகவில்லை. மிச்சத்தையும் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு தினமும் அதையேதான் சொன்னார். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்த காலத்திலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறும் குழம்பும் சாப்பிடாமல் அவருக்கு வெள்ளிக்கிழமை முடியாது. அதையும் நிறுத்தினார். நான் அதைப் பத்தியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒன்பது மாதத்தில் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் எனக்கு ருசி வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, எனக்கும் கிட்னிதான் என்று. புருஷனுக்கு வந்த கிட்னி நோய் பெண்டாட்டிக்கு ஒட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, அவர் என்னைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன். பயந்தேன். பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் பல் டாக்டரிடம் போனேன். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலும் இந்த ருசி வரும் என்று சொல்லிச் சுரண்டி அனுப்பினார். வாய் சுத்தமானது, ருசி போகவில்லை. பிறகு ஆயர் ஈத்தாமில் என் ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள கிளினிக். அந்த டாக்டர் பொறுமையானவர், விரல் விட்டு எண்ணிக் காட்டினார். சைனஸ் அடைத்திருந்தால் வரும். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறினால் வரும். சில கிருமி மருந்துகள், சர்க்கரை மாத்திரை, இரும்பும் துத்தநாகமும் கலந்த சத்து மாத்திரை, இதெல்லாம் சாப்பிட்டால் வரும். காய்ச்சல் வந்து போனபின் சிலருக்கு வரும். சிறுநீரகம் கெட்டுப்போனால் ரத்தத்தில் கழிவு தேங்கி, அதனாலும் வரும். "கர்ப்பமா இருந்தாக்கூட வரும்" என்றார். நான் பார்த்த பார்வையில் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

"எனக்குக் கிட்னியப் பாருங்க டாக்டர்" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தாள் வந்தது. நான் நம்பவில்லை. அவருக்கும் முதல் தாள் நன்றாகத்தானே வந்தது?

இரண்டு மாதம் இழுத்தேன். உடம்பு வெளுத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயிறு நாள் கணக்கில் போகாமல், பிறகு யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் குடலைப் பிழியும் வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தையில் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காய்க்காரச் சீனத்தி என் கையிலிருந்த போனை வாங்கி என் மகள் கவிதாவைக் கூப்பிட்டாள். கவிதா அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி வந்து, என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். அவளும் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கும் அறையைப் பற்றி என்ன சொல்ல? அதே நீல நாற்காலிகள். அவரோடு வந்தபோது நாங்கள் வழக்கமாக உட்காரும் இரண்டு நாற்காலிகளில் அன்று யாரும் இல்லை. கவிதா அங்கே போய் உட்காரப் பார்த்தாள். "அங்க வேணாண்டி" என்றேன். ஏன் என்று கேட்காமல் எழுந்துவிட்டாள். நின்றுகொண்டே இருந்தோம்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ரொகாயா என்றொரு மலாய் அம்மா, முட்டி அறுவைக்காக வந்தவர். நான் மாக்சிக், பெரியம்மா, என்று கூப்பிடுவேன். என் வாய் ருசியைச் சொன்னதும், தலையணைக்கு அடியிலிருந்து உப்பும் புளிப்புமான உலர்ந்த அசாம் பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைச் சப்பினால் ஐந்து நிமிடம் காசு மறந்திருக்கும். நான்கு நாளில் அவர் பையையே காலி செய்துவிட்டேன், பாவம்.

வார்டு டாக்டர் நளினி நம்ம தமிழ்ப் பெண். கவிதாவைவிட இளையவள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இல்லை. ரத்தம் மட்டும் மிகக் குறைவு. ஒவ்வொரு நாளும் வந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? ஜாமு, நாட்டு மருந்து, லேகியம், இந்தியாவிலேர்ந்து வந்த பொடி?"

"ஒன்னும் இல்லம்மா. இந்தக் கர்மமெல்லாம் நான் தொடுறதில்ல."

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இதையே சொன்னேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. கேட்டது மருந்தைப் பற்றி, நான் மருந்து எதுவும் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் மாலை என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, என் கீழுதட்டை இழுத்து டார்ச் அடித்தாள். ஈறு பல்லைத் தொடும் இடத்தில் மெல்லிய நீலக்கறுப்புக் கோடு. அதை நானும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். என் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சிவப்பு அணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிந்தனவாம்.

"ஆன்ட்டி என்ன வேலை பாத்தீங்க?"

பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம், கடைசியில் சாலிடர் லைனுக்கே லீடர் என்றேன். அவள் கண் விரிந்தது. சாலிடர் என்றால் பற்றவைக்கும் ஈயம். உடம்பில் ஈய நஞ்சு ஏறினால் இந்த ருசி, இந்த வயிற்று வலி, இந்த ரத்தக் குறைவு, இந்தக் கோடு எல்லாம் வரும் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "யாரப் பாத்து என்னம்மா பேசுற? என் லைன்ல ஒருத்தி சாலிடர் தொட்ட கையோட குவே பலகாரம் தின்னான்னா அன்னைக்கு அவளுக்கு இருக்கு. கை கழுவாம தண்ணி பாட்டிலக்கூடத் தொட விட மாட்டேன். நானா ஈயத்தத் தின்னுட்டு வந்து படுத்திருக்கேன்? வேலைய விட்டே எட்டு வருஷம் ஆச்சு!"

"அதான் ஆன்ட்டி எனக்கும் புரியல" என்று சொல்லிவிட்டு, ஈயம் எவ்வளவு என்று பார்க்க இன்னொரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை. குளித்துவிட்டு வந்து, முந்திய நாள் கவிதாவிடம் கொண்டுவரச் சொல்லியிருந்த டப்பாவைத் திறந்தேன். மைலோ டப்பா, உள்ளே திருநீறு. அவருடைய பெயரை மனதில் சொல்லி, நெற்றியில் மூன்று விரலால் இட்டேன். பிறகு எப்போதும் செய்வதுபோல ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ரொகாயா மாக்சிக் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டலில்லை, வெறும் சந்தேகம்தான்.

"இத்து ஊபாட் கா?" என்று கேட்டார். அது மருந்தா என்று.

மருந்தில்லை, சாமி சாம்பல் என்று மலாயில் சொன்னேன். "ஆனா விழுங்குறீங்களே" என்றார் அவரும் மலாயிலேயே.

ரவுண்ட்ஸ் வந்த நளினி கட்டில்களுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். என் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அவள் நெற்றியிலும் அன்று சின்னக் கீற்று இருந்தது. "ஆன்ட்டி" என்றாள் மெதுவாக, "அது எந்தக் கோயில் திருநீறு?"

கோயில் திருநீறு அல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவருக்குச் சர்க்கரை பதினைந்து வருஷமாக இருந்தது. சிறுநீரகம் தேய ஆரம்பித்துவிட்டது, இனி டயாலிசிஸ் மெஷினுக்குத் தயாராகுங்கள் என்று டாக்டர்கள் சொன்ன மாதம் எனக்குக் கை கால் ஓடவில்லை. சிம்பாங் அம்பாட்டில் கவிதா வீடு வாங்கிய தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சாமி வீடு. அங்கே ஒரு பூசாரி, நல்ல மனிதர், காசு எதுவும் வாங்கமாட்டார். இந்தியாவிலிருந்து வரும் ஏதோ பஸ்பத்தைத் திருநீற்றில் கலந்து, பூசையில் வைத்துக் கொடுப்பார். தினமும் மூன்று வேளை தண்ணீரில் கரைத்துக் குடித்தால் மெஷின் தேவைப்படாது என்றார். நான் ஃபெரி ஏறி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, வரிசையில் நின்று வாங்கிவருவேன். கார் வேண்டாம், கஷ்டப்பட்டுப் போனால்தான் பலன் என்று எனக்கு ஒரு பிடிவாதம். என் கையாலேயே கரைத்துக் கொடுப்பேன். அவர் ஒரே மடக்கில் குடிப்பார்.

அவர் போன பிறகு இரண்டு டப்பா மிச்சம். என்ன செய்வேன்? திருநீற்றைக் குப்பையில் போட முடியுமா? கால்படும் இடத்தில் கொட்ட முடியுமா? அவருக்கென்று பூசையில் வைத்தது வேறு. படத்துக்கு முன்னால் வைத்து, தினம் ஒரு சிட்டிகையாகத் தீர்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் மிச்சம் வைத்த சோற்றைச் சாப்பிட்டுப் பழகியவள் நான். இதையும் அப்படித்தான் நினைத்தேன். சிட்டிகை சிட்டிகையாக முதல் டப்பா முடிந்து, இரண்டாவது பாதிக்கு வந்திருந்தது.

நளினி கையுறை போட்டுக்கொண்டு டப்பாவை எடுத்துப்போனாள். திருநீற்றைக் கையுறை போட்டுத் தொடுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. சில நாளில் பரிசோதனை முடிவு வந்தது. என் ரத்தத்தில் ஈயம், டப்பாவில் அதைவிடப் பல மடங்கு. அவள் திட்டவில்லை. "நான் மருந்துன்னு கேட்டிருக்கக் கூடாது ஆன்ட்டி. வாயில போடுறது என்னென்னன்னு கேட்டிருக்கணும்" என்றாள். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே இழுத்துவரும் மருந்து ஒன்று உண்டாம். அதை ஐந்து நாள் டிரிப்பில் ஏற்றினார்கள்.

ஆனால் அந்த முடிவு வந்த நிமிடத்திலிருந்து எனக்கு என் உடம்பு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் தினம் ஒரு சிட்டிகை. அவர் தினம் மூன்று வேளை, நிறையக் கரைத்து. என் கையால். ஈயம் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று நளினி சொன்னபோது நான் கேட்ட கேள்விகளுக்கு அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

"அங்கிளுக்குச் சர்க்கரையால கிட்னி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்துச்சு. இது அதை வேகப்படுத்தியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்போ அதை யாராலயும் சொல்ல முடியாது ஆன்ட்டி. சொல்ல முடிஞ்சா சொல்லிருவேன்."

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். அவருக்குக் காசு ருசி வந்தது திருநீற்றுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் அது சிறுநீரகத்தின் வேலை. பின்பு என்றால் அது என் வேலை. டிரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அவரைத் திட்டிய அன்று என்ன கிழமை, என்ன சமைத்தேன், அடுப்பில் என்ன இருந்தது? எல்லாம் ஞாபகம் வந்தது, இது மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் அவர் டம்ளரோடு நிற்பார். நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு.

மூன்றாம் நாள் கவிதா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, பிட்டுப் பிட்டு எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய கை வீங்கியிருந்தது. அவளிடம் கேட்டேன்.

"அப்பாவுக்கு வாய் எப்போடி அப்படி ஆச்சு? திருநீறுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் கை நின்றது. கிண்ணத்தை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"பின்னாடிம்மா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னாரு. அந்தத் தண்ணியக் குடிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து வாய் இரும்பா இருக்குன்னாரு. அப்ப குடிக்காதீங்கப்பான்னேன். ஒங்கம்மா ஃபெரி ஏறி பஸ் ஏறி வரிசையில நின்னு வாங்கிட்டு வரா, நான் குடிக்கலன்னா அவ தூங்க மாட்டா, ருசிதானே போனாப் போவட்டும்னாரு. அம்மாகிட்ட சொல்லாத, அவ மனசு நொந்துருவான்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. எனக்கு வெறும் ருசின்னுதான் தெரியும். வேற ஒன்னும் தெரியாதும்மா."

அவள் அழ ஆரம்பித்தாள். அன்றுதான் எனக்குப் புரிந்தது, இந்தப் பிள்ளை இத்தனை நாள் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் திட்டுவேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்திருந்தாள். டிரிப் இல்லாத கையால் அவள் தலையைத் தடவினேன். ரொகாயா மாக்சிக் எங்களைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சுகாதார இலாகாக்காரர்கள் அந்தச் சாமி வீட்டுக்குப் போனார்களாம். பூசாரியின் ஈறிலும் அதே கோடு. எல்லாரையும்விட அதிகமாகத் தின்றது அவர்தானாம். நான் அவரைச் சபிக்கலாம் என்று வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாகப் போயின.

இப்போது வீட்டுக்கு வந்து நான்கு மாதம். டிரிப்புக்குப் பிறகு கொடுத்த மாத்திரையை, அழுகிய முட்டை நாற்றத்தோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். வயிற்று வலி போய்விட்டது. ரத்தம் ஏறியிருக்கிறது. ஆனால் ஈயம் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்புமாம். நளினி இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். நான் பயப்படவில்லை. அவருக்கு நான் கொடுத்ததும் எனக்குள் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மிச்சத் திருநீறு இப்போது என்னிடம் இல்லை. கடலில் கரைக்கிறேன் என்றேன், மீனுக்கும் நஞ்சு என்றார்கள். ஆஸ்பத்திரியிலேயே முறைப்படி எரித்தோ புதைத்தோ விடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். படத்துக்கு முன்னால் டப்பா இருந்த இடம் வட்டமாகத் தெரிகிறது. காலையில் கை தானாக அங்கே போகிறது.

உங்களிடம் டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், மருந்தை மட்டும் சொல்லாதீர்கள். வாய்க்குள் போனது எல்லாவற்றையும் சொல்லுங்கள், சாமி கொடுத்ததையும் சேர்த்து. அதோடு, வீட்டில் யாராவது டீ ருசியாக இல்லை என்றால் தயவுசெய்து கத்தாதீர்கள்.

போன சனிக்கிழமை கவிதா வந்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளே டீ போட்டாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். ஒரு வாய் குடித்தேன். இருந்தது. நாக்கின் ஓரத்தில், லேசாக, அந்தக் காசு. அவள் முகத்தைப் பார்த்தேன். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பாலம் தாண்டி வந்து எனக்காகப் போட்ட டீ. "நல்லாத்தான் இருக்கு" என்பது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவருடைய குரலிலேயே வந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"காசு மாதிரி இருக்குடி" என்றேன்.

கவிதா கிட்டே வந்தாள். என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, நின்றபடியே ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.